பத்து மீட்டர்

வாசல் நிலையிலிருந்து கொல்லைக் குளியலறைச் சுவர்வரை
டேப் பிடித்தால் ஒன்பது மீட்டர் எழுபது.
மிச்ச முப்பது சென்டிமீட்டருக்காக
ஸ்டூலைக் கதவோடு ஒட்டிப் போட்டு
முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டேன்.
தாழ்ப்பாள் விலாவில் குத்துகிறது. குத்தட்டும்.
அளவு என்றால் அளவு.

எதைச் சுட, என்று கேட்டான்
பார்சல் கொண்டுவந்த பையன்.
வயலில் மயிலா, மாடியில் குரங்கா?
காகிதத்தை, என்றேன்.
கையெழுத்து வாங்கும்வரை என் முகத்தையே பார்த்தான்.

வீடு கட்டி மிஞ்சிய கோரையாற்று மணல்
சிமெண்ட் சாக்கில், சுவரோடு சுவராக.
அதன்மேல் குத்தியிருக்கிறது
போன பருவத்து எடைச்சீட்டு, முதுகைக் காட்டி.
நடுவில் ஒரு வட்டம்,
வெந்தய டப்பா மூடியை வைத்து வரைந்தது.
குழல் தாங்க விதைநெல் பை, ஐந்து கிலோ,
ஆடுதுறை முப்பத்தாறு.
அமுக்கினால் அமுங்கும், அமுங்கியபடி கிடக்கும்.

குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் முனகுகிறது.
உளுந்தளவு ஈயக்குண்டு,
இடுப்பு ஒடுங்கிக் கீழே பாவாடை விரித்தது.
மூச்சைப் பாதி விட்டு, பாதியில் நிறுத்தி,
டப்.
பக்கத்து வீட்டு இட்லிப்பானை மூடி
இதைவிடச் சத்தமாக விழும்.

ஐந்து சுட்டபின் நடந்துபோய்ப் பார்த்தேன்.
ஐந்தும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு,
ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம்.
வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை.
இடப்பக்கம், கீழே, நாலு விரல் தள்ளி
காகிதத்தின் மறுபுறம் ‘நிகர எடை’ என்று அச்சடித்த இடத்தில்.

எனக்குப் பழக்கமான தவறு இது.
கொள்முதல் நிலையத்தில் எட்டுப் பருவமாகத்
தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருப்பவன் நான்.
தடுமாறுகிற தராசு ஒரே நாளில் மாட்டிக்கொள்ளும்.
நிலைத்து நிற்பது
மூட்டைக்கு மூட்டை அதே ஒரு கிலோவை
அதே பக்கம் விழுங்குகிற தராசு.
அதற்கு ஒரு ஒழுக்கம் உண்டு.
பூவனூர் தைலம்மை ஒருதரம் கேட்டாள்,
மிசினு தப்பா தம்பி, மனுசன் தப்பா?
ஈரப்பதம் பதினேழு என்று எழுதிவிட்டு
அடுத்த மூட்டை, என்றேன்.

இதற்காவது திருகு இருக்கிறது.
வலப்பக்கம் ஆறு சொடுக்கு, மேலே நாலு.
குறி வைக்கும்போது கேட் மணி அடித்தது.
நீடாமங்கலத்தில் வீடு கட்டியவனுக்குக்
காத்திருக்கச் சொல்லித்தர வேண்டாம்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்.
சுவர் அதிர்ந்தது, சாக்கு அதிர்ந்தது,
வட்டம் தன்னையே சுற்றி நடுங்கியது.
நாற்பத்திரண்டு பெட்டி எண்ணினேன்.
எந்தப் பெட்டியிலும் அந்த ஒரு கிலோ ஏறியிருக்காது.

மறுபடி ஐந்து. இப்போது சிதறல்.
மறுபடி திருகு, மறுபடி ஐந்து.
ஒன்று சாக்கின் ஓரத்தைக் கிழித்து
மணல் மெல்ல ஒழுகத் தொடங்கியது.

அடுக்களை வாசலில் நின்றிருந்த செங்கமலம்
தள்ளுங்க, என்றாள்.
ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு
ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று சுட்டாள்.
மூன்றும் வட்டத்துக்குள்.
திருகெல்லாம் சரியாத்தான் இருக்கு.
இழுக்குற நேரத்துக்கு நீங்க கண்ண மூடிக்கிறீங்க.
எப்போதிலிருந்து?
மொத குண்டுலேருந்து, என்றாள்.
குக்கர் கூப்பிட, உள்ளே போய்விட்டாள்.

மாவுச் சல்லடையைத் தரமாட்டாள், ஈயம் என்று.
பழைய கொசுவலைத் துண்டில்
மணலை அள்ளி அள்ளிச் சலிக்கிறேன்.
இடுப்பு நசுங்கிய குண்டுகள்,
நடுவே ஒரு நத்தை ஓடு, முழுசாக.
சுட்டது பதினெட்டு.
கிடைத்தது பதினேழு.
விளக்கைப் போடவா என்று உள்ளிருந்து குரல்.
போடு, என்றேன்.